தடிமன் குறைவு

பேக்கிமீட்டரை எப்படிப் பிடிப்பது என்று விவரமாக எழுதிக் கொடுங்கள் என்று புதிதாகச் சேர்ந்த நீங்கள் மூன்று பேரும் கேட்டீர்கள். அது அந்தப் பெட்டிக்குள்ளேயே சின்னப் புத்தகமாக மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. பெட்டியைத் திறக்கிற யாரும் புத்தகத்தைத் திறப்பதில்லை. நானும் ரொம்ப நாள் திறக்கவில்லை. நீங்களாவது திறந்து படியுங்கள். போர்ட் பிளேரில் ஒரே கண் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் உதவியாளராக இருந்துவிட்டு, போன வருஷம் வீட்டுக்கு வந்தவள் நான். நான் சொல்ல வருவது கருவியைக் கீழே வைத்த பிறகு நடக்கிற சங்கதி.

உங்களுக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதை அதில்தான் நிற்கிறது. கண்ணின் முகப்பில் இருக்கும் தெளிவான படலம் கார்னியா. அதை லேசாக அழுத்திப் பார்த்துத்தான் கண்ணுக்குள் இருக்கும் பிரஷரை அளக்கிறோம். படலம் தடிமனாக இருந்தால் பிரஷர் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். மெல்லியதாக இருந்தால் குறைவாகத் தெரியும். குறைவாகத் தெரிவதுதான் ஆபத்து. 'நார்மல்' என்று எழுதி அனுப்பிவிடுவோம். அந்த ஆள் வீட்டில் உட்கார்ந்து கிளாக்கோமாவில் பார்வையை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இழந்துகொண்டிருப்பார். வலி இருக்காது. போன பார்வை திரும்பியும் வராது.

இந்தத் தடிமனை அளக்கிற கருவிதான் பேக்கிமீட்டர். அது எங்கள் பிரிவுக்கு வந்த புதிதில் எனக்குக் கை பழகவில்லை. மரத்துப்போகும் மருந்தைப் போட்டுவிட்டு, பேனா போன்ற முனையை கார்னியாவின் நட்டநடுவில் நேராகத் தொட வேண்டும். பெட்டியில் மைக்ரான் கணக்கில் எண் வரும். கை சாய்ந்தால் எண் கூடிப்போகும். ஒரே கண்ணில் நான் ஐந்து முறை தொட்டால் ஐந்து எண் வந்தது.

எங்கள் டாக்டர் மேடம் அதைப் பார்த்தார். வடக்கு அந்தமானில் மாயாபந்தர் பக்கத்து வங்காளி விவசாயக் குடும்பத்துப் பெண் அவர். மெயின்லேண்டில் படித்து, அங்கேயே நல்ல இடத்தில் இருந்திருக்கக்கூடியவர், கப்பலேறித் திரும்பி வந்துவிட்டார். பெயரை எழுதினால் கோபித்துக்கொள்வார், அதனால் எழுதவில்லை. தமிழ் தெரியாது. தீவில் எல்லாருக்கும் பொதுவான இந்தியில்தான் பேசுவார். அவர் சொன்னதை நான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் நோயாளி நாற்காலியில் அவரே வந்து உட்கார்ந்தார்.

"என் கண்ணில் வை" என்றார்.

"மேடம், வேண்டாம் மேடம்."

"கப்பலில் வாந்தியெடுத்துக்கொண்டு வந்த மனுஷன் கண்ணில் நீ பழகக் கூடாது. என் கண்ணில் பழகு."

மூன்று முறை தொட்டேன். இரண்டு எண் ஒட்டி வந்தன, மூன்றாவது எகிறியது. எண்ணைப் பார்க்காதே, உன் மணிக்கட்டைப் பார் என்றார். மறுபடி தொட்டேன். அன்று பிற்பகல் முழுக்க அந்த ஒரு கண் சிவந்திருக்க, அதோடுதான் மிச்ச நோயாளிகளைப் பார்த்தார். யாராவது கேட்டதற்கு, தூசி என்று சொல்லிவிட்டார். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்கள் பலர் உண்டு. தன் கண்ணைக் கொடுத்துக் கற்றுக்கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.

அவருக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. எல்லாம் முடிந்து நோயாளி எழுந்து கதவுப் பக்கம் போகும்போது, "கர் ஜாகே க்யா கரோகே?" என்பார். வீட்டுக்குப் போய் என்ன செய்வீர்கள் என்று அர்த்தம். படகுக்காரராக இருந்தாலும், காரில் வந்த கான்ட்ராக்டராக இருந்தாலும் அந்தக் கேள்வி உண்டு. சிலர் சிரித்துக்கொண்டு, "மீன் குழம்பு சாப்பிட்டுத் தூங்குவேன்" என்பார்கள். "அப்புறம்?" என்பார். மருந்து, வேளை, எந்தக் கண் என்று அவர்கள் வாயாலேயே வருகிறவரை விடமாட்டார். தமிழ் ஆட்கள் வந்தால் அந்தக் கேள்வியை நான் தமிழில் கேட்பேன். வருஷக்கணக்கில் கேட்டிருக்கிறேன். அது ஏதோ நலம் விசாரிப்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது என் குட்டு. கடலூரில் என் சித்தி மகள் வீட்டுக் கல்யாணம். எங்கள் அப்பா அந்தப் பக்கத்திலிருந்து இங்கே வந்தவர், நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். கல்யாண வீட்டில் பரபரப்பாக நான், "ஜல்தி பண்ணுங்க, பானி கரம் ஆயிடுச்சா பாருங்க" என்று, சீக்கிரம், தண்ணீர் சுட்டுவிட்டதா என்பதை நம் தீவு இந்தி கலந்து சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். அங்கிருந்த ஒரு கூட்டமே சிரித்தது. "பெரியம்மா, நீங்க பேசுறது தமிழா, கப்பல்ல கலந்து குடுத்தாங்களா?" என்று ஒரு பொண்ணு கேட்டாள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் உள்ளே சுருக்கென்று தைத்துவிட்டது. திரும்பி வருகிற கப்பலில் மூன்று நாளும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இனிமேல் தமிழ் நோயாளிகளிடம் சுத்தமான தமிழ்தான் என்று தீர்மானம் செய்துகொண்டேன்.

அதுவரை நான் பேசிய லட்சணம் உங்களுக்கே தெரியும், நீங்களும் அப்படித்தான் பேசுகிறீர்கள். "ஊப்பர் பாருங்க, நீச்சே பாருங்க, ஹில்னா வேணாம்" என்போம். கார்னியா மெலிசாக இருந்தால், "உங்க கார்னியா பத்லா" என்போம். வங்காளியோ, தெலுங்கரோ, நம் ஆளோ, யாருக்கும் அது புரியும். நான் அதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, "மேலே பாருங்கள், அசையாதீர்கள், கருவிழிப் படலம்" என்று ஆரம்பித்தேன். கூட இருந்த தெலுங்கு அட்டெண்டர் அம்மா, "என்னாச்சு உனக்கு, மேடையில பேசப் போறியா?" என்று கேட்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

இந்தப் பெருமை ஆரம்பித்து மூன்று வாரம் இருக்கும். லிட்டில் அந்தமான் தீவின் ஹட் பேயிலிருந்து மாரிமுத்து என்று ஒருவர் வந்தார். ஐம்பது தாண்டிய ஆள். அங்கே ஜெட்டி என்கிற கப்பல்துறையில் கப்பல் வந்து அணையும்போது, மேலிருந்து எறிகிற கயிற்றைப் பிடித்துக் கட்டுகிற வேலை. இடது கண் சில வருஷம் முன்பே கிளாக்கோமாவில் போய்விட்டது. இருப்பது வலது கண் ஒன்றுதான். அதற்கும் தினமும் சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருந்தார். அளக்கிற போதெல்லாம் பிரஷர் நார்மல் என்றுதான் அவருடைய சீட்டில் எழுதியிருந்தது. அன்று நாங்கள் அளந்ததும் பதினேழு. பார்க்க அழகான எண்.

அந்த அழகான எண்ணை டாக்டர் மேடம் நம்பவில்லை. அவருடைய பழைய பார்வைப் பரிசோதனைத் தாளையும் அன்று எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வலது கண்ணின் ஓரத்தில் கறுப்பு கொஞ்சம் உள்ளே நகர்ந்திருந்தது.

"பிரஷர் நார்மல். ஆனால் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. ரெண்டில் ஒன்று பொய் சொல்கிறது. தடிமன் பார்" என்றார்.

தொட்டேன். நானூற்று அறுபத்தொன்று. மறுபடி தொட்டேன், நானூற்று அறுபது. சாதாரணமாக ஐந்நூற்று நாற்பது பக்கம் இருக்க வேண்டியது. பொய் சொன்னது பதினேழுதான். உள்ளே உண்மையான பிரஷர் அதைவிட அதிகம். இருக்கிற ஒரு கண்ணும் அந்த நார்மலை நம்பியே போயிருக்கும். வெளியே நாற்பது பேர் காத்திருக்கும்போது, ஒழுங்காக இருக்கிற ஓர் எண்ணைச் சந்தேகப்பட்டாரே, அதற்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

மருந்தை மாற்றி எழுதினார். புதிய சொட்டு, ராத்திரி படுக்கும்போது வலது கண்ணில் ஒன்று, ஒரு நாளும் நிறுத்தக் கூடாது, மூன்று மாதத்தில் திரும்பி வர வேண்டும். இந்தியில் அவரே சொல்ல ஆரம்பித்தார். மாரிமுத்துவுக்கும் இந்தி தெரியும், தீவில் யாருக்குத்தான் தெரியாது. நான் குறுக்கே புகுந்தேன்.

"தமிழ் ஆள் மேடம். நான் நல்லா புரியிற மாதிரி சொல்லிடறேன்."

மேடம் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நான் மாரிமுத்துவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துக்கொண்டு என் புதுத் தமிழில் தொடங்கினேன்.

"உங்கள் கண்ணில் தடிமன் ரொம்பக் குறைவாக இருக்கிறது. அதனால்தான் பிரஷர் குறைவாகக் காட்டுகிறது."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பிடியா மிஸி? ரொம்ப சந்தோசம்."

என்னை அவர் மிஸி என்றுதான் கூப்பிட்டார். அவருடைய தாத்தா காலத்தில் இலங்கைத் தோட்டங்களில் இருந்துவிட்டு, பிறகு கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்த குடும்பம். அவர்கள் வீட்டில் நர்ஸுக்கு மிஸி என்றுதான் பெயர். அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும், இவருடைய தமிழ் வேறு, என்னுடையது வேறு என்று. உறைக்கவில்லை. இந்த மனுஷன் எதற்குச் சந்தோஷப்படுகிறார் என்றும் யோசிக்கவில்லை. மரியாதைக்குச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

"அதனால் இந்தச் சொட்டு மருந்தை மட்டும் விட்டுராதீங்க. தெரிஞ்சுதா?" என்றேன். கடைசி நேரத்தில் சுத்தத் தமிழ் நழுவிவிட்டது.

"விடமாட்டேன் மிஸி. நீங்க சொன்னா சரி."

மணியைப் பார்த்தார். மதியக் கப்பலுக்கு ஜெட்டியில் வரிசை நிற்க ஆரம்பித்திருக்கும். பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். நான் கேட்க வேண்டிய அந்தக் கடைசிக் கேள்வி வாய் வரைக்கும் வந்தது. கப்பலை விட்டால் அவருக்கு இன்னும் எத்தனை நாளோ, போகட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் மருந்துக் கவுண்டரில் மூன்று பாட்டில் வாங்கிக்கொண்டு, எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

பதினொரு நாள் கழித்து, துறைமுகத்துக்கு எதிர்க்கரை பேம்பூஃபிளாட்டிலிருந்து காலை ஃபெர்ரியில் ஓர் அம்மா வந்திருந்தார். அவரும் கச்சால் தோட்டத்துக் குடும்பம்தான். அவருக்கும் தடிமன் பார்க்க வேண்டும். நான் முனையைத் துடைத்துக்கொண்டு கிட்டே போனபோது கையை நீட்டித் தடுத்தார்.

"இன்னிக்கு வேணாம் மிஸி. ரெண்டு நாளா எனக்குத் தடிமன். மூக்கு அடச்சிக்கிட்டு இருக்கு. இத வெக்கிறப்ப தும்மல் வந்தா கண்ணுல குத்திறாதா?"

"என்ன சொன்னீங்க?"

"தடிமன் மிஸி. சளி புடிச்சிருக்கு."

கையில் இருந்ததைக் கீழே வைத்தேன். எங்கள் வீட்டில் சளி என்போம், ஜலதோஷம் என்போம். தடிமன் என்றால் அவர்கள் வீட்டில் ஜலதோஷம் என்பது என் காதில் அதுவரை விழுந்ததே இல்லை. மாரிமுத்துவின் மலர்ந்த முகம் அப்படியே கண் முன்னால் வந்தது. உங்கள் கண்ணில் சளி ரொம்பக் குறைந்துவிட்டது, அதனால்தான் பிரஷர் குறைவாகக் காட்டுகிறது. இதைத்தான் அந்த மனுஷனிடம் நான் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷத்தில் எனக்கு வந்த முதல் யோசனை நல்ல யோசனை அல்ல. மருந்தை விடாதீர்கள் என்றுதானே சொன்னேன், போட்டுக்கொண்டுதான் இருப்பார், மூன்று மாதத்தில் வரத்தானே போகிறார், அப்போது சரி செய்துகொள்ளலாம். யாருக்கும் தெரியாது. பெஞ்சில் உட்கார்ந்து நாங்கள் இருவர் பேசியது, கேட்ட ஆள் யாரும் இல்லை. உங்களுக்கும் ஒரு நாள் இப்படி ஒரு யோசனை வரும். வருவதில் தப்பில்லை. நான் அந்த அம்மாவைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, மேடம் அறைக்குள் போனேன். அங்கே ஒரு நோயாளி நாற்காலியில் இருந்தார். அவர் எதிரிலேயே, "மேடம், பெரிய தப்பு பண்ணிட்டேன்" என்றேன்.

அவர் அந்த நோயாளியை அவசரப்படாமல் முடித்து அனுப்பினார். கையைக் கழுவினார்.

"நீ சொன்ன வார்த்தையை அப்படியே சொல். தமிழிலேயே சொல். அப்புறம் அர்த்தம் சொல்."

சொன்னேன்.

"வீட்டுக்குப் போய் என்ன செய்வீர்கள் என்று கேட்டாயா?"

"இல்லை மேடம். கப்பலுக்கு நேரமாச்சு."

திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கேட்டது நான் எதிர்பார்க்காத கேள்வி.

"இந்த ஒரு மாதத்தில் இதே தமிழில் வேறு யாருக்கெல்லாம் சொன்னாய்?"

மாரிமுத்து ஒருவரைத் தவிர வேறு யாரையும் நான் நினைக்கவே இல்லை. ரிஜிஸ்டரை எடுத்துக் கொடுத்தேன். தடிமன் பார்த்த தமிழ் ஆட்கள், மாரிமுத்துவோடு சேர்த்து, ஆறு பேர் இருந்தார்கள். ஐந்து பேர் போர்ட் பிளேரிலும் சுற்றுவட்டாரத்திலும் இருப்பவர்கள், அவர்களை அன்று மாலைக்குள் போனில் பிடித்துவிட்டோம். நான்கு பேருக்குச் சரியாகப் புரிந்திருந்தது. ஒருத்தர், "நீங்க பேசினது ஒண்ணும் புரியல, அதான் பக்கத்து வீட்டு நர்ஸ்கிட்ட சீட்டைக் காட்டிக் கேட்டுக்கிட்டேன்" என்றார். மிச்சம் மாரிமுத்து.

சீட்டில் இருந்த அவருடைய நம்பர் எட்டவில்லை. கடல் சரியில்லை என்று இரண்டு நாளாக ஹட் பேக்குக் கப்பல் கேன்சல், எப்போது திறப்பார்கள் என்று தெரியாது. அங்கே ஆஸ்பத்திரியில் இருந்த மலையாளி ஸ்டாஃப் நர்ஸுக்குப் போன் போட்டேன். கிடைத்தது, ஆனால் பேச்சு வெட்டி வெட்டிப் போனது. நான் கார்னியா, தடிமன், பிரஷர் என்று பதற்றத்தில் எல்லாவற்றையும் கொட்டிக்கொண்டிருந்தேன். மேடம் கையை நீட்டி போனை வாங்கிக்கொண்டார்.

"சிஸ்டர், அவரிடம் எதையும் விளக்க வேண்டாம். ஜெட்டியில் இருப்பார், கூட்டிக்கொண்டு வாருங்கள். உங்கள் போனிலிருந்து எங்களிடம் பேச வையுங்கள். அவ்வளவுதான்" என்றார்.

போனை வைத்துவிட்டு என்னிடம், "ஒரு வார்த்தை ஒரு ஆளிடம் போவதற்குள்ளேயே இப்படி ஆயிற்று. மூன்றாவது ஆள் வழியாக வேறு அனுப்ப வேண்டுமா?" என்றார். அவர் சொன்னதிலேயே கொஞ்சம் சூடான வாக்கியம் அதுதான்.

ஒன்றரை மணி நேரம் கழித்து போன் வந்தது. நான்தான் எடுத்தேன்.

"மிஸி, மாரிமுத்து பேசுறேன். என்ன விசயம்? நான் நல்லாத்தான் இருக்கேன்."

"அந்த மருந்து போட்டுக்கறீங்களா?"

"இல்லியே."

"ஏன்?"

"நீங்கதானே மிஸி சொன்னீங்க, தடிமன் கொறஞ்சிருச்சு, மருந்த விட்டுராதீங்கன்னு. நான் ஒரு சொட்டுகூட விடல. பழைய மருந்தையும் நிப்பாட்டிட்டேன். புது பாட்டில் மூணையும் தெரிஞ்ச கடையில ஃபிரிட்ஜ்ல வெச்சிருக்கேன். திரும்பத் தடிமன் வந்தா விட்டுக்கலாம்னு."

மருந்தைக் கைவிடாதீர்கள் என்று நான் சொன்னேன். கண்ணில் மருந்து விடாதீர்கள் என்று அவர் கேட்டுக்கொண்டார். சொட்டு மருந்தை நாம் எல்லாருமே 'விடுவது' என்றுதானே சொல்கிறோம். தடிமனைத் தெரியாதது என் அறியாமை என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இது நான் தினமும் பேசுகிற தமிழ். பதினொரு நாள், இருக்கிற ஒரே கண்ணில், எந்த மருந்தும் இல்லை. மருந்து நின்றதற்குக் காரணம் அவருடைய அலட்சியம் அல்ல. நான் சொன்னதாக அவர் புரிந்துகொண்டதை ஒரு சொட்டு பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறார்.

அவர் சொன்னதை நான் இந்தியில் சொன்னதும், மேடம் போனை வாங்கி இந்தியில் மூன்றே வாக்கியம் பேசினார். கடையிலிருந்து பாட்டிலை இப்போதே எடுங்கள். சிஸ்டர் எதிரில் வலது கண்ணில் ஒரு சொட்டு ஊற்றுங்கள். நாளையிலிருந்து தினமும் படுக்கும்போது ஒரு சொட்டு. பிறகு, "அப் போலோ, க்யா கரோகே?" என்றார், இப்போது சொல்லுங்கள், என்ன செய்வீர்கள் என்று. அவர் அந்தப் பக்கத்திலிருந்து இந்தியில் திருப்பிச் சொன்னது எனக்கே கேட்டது. ஓர் எழுத்து மாறவில்லை.

பிறகு போனை என்னிடம் நீட்டினார். இது உன்னுடைய வேலை என்பதுபோல் இருந்தது அந்த நீட்டல்.

"அண்ணே, தப்பு என்னோடது. நான் சொன்ன தடிமன் வேற. உங்க கண்ணுப் படலம் மெலிசு, அதனால பிரஷர் உள்ள ஜாஸ்தியா இருந்தும் கம்மியா காட்டுது. அதைச் சொல்லத் தெரியாம சொல்லி உங்களை அனுப்பிட்டேன்."

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"இந்தக் கண்ணும் போயிருமா மிஸி?"

தெரியவில்லை என்றுதான் சொன்னேன். வேறென்ன சொல்ல முடியும். கப்பல் திறந்த உடனே வாங்க, பார்க்கலாம் என்றேன். சரி என்றார். ஏன் இப்படிச் செய்தாய் என்று அப்போதும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

ஐந்து நாள் கடல் மூடியே கிடந்தது. அந்த ஐந்து நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. தினமும் ஒரு தடவை சிஸ்டருக்குப் போட்டு, மருந்து ஊற்றினாரா என்று கேட்பேன். ஐந்தாம் நாள், "நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே அவர் தினம் வந்து என்கிட்ட சொல்லிட்டுப் போறார்" என்றாள் அவள்.

ஆறாம் நாள் முதல் கப்பலில் வந்துவிட்டார். பார்வைப் பரிசோதனைக்கு உட்கார வைத்தேன். தெரியுமே உங்களுக்கு, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும். அறைக்குள் இருட்டில் அந்தப் பட்டன் சத்தத்தை எண்ணிக்கொண்டு நின்றேன். ஓரிடத்தில் நெடுநேரம் சத்தம் வரவில்லை. பிறகு வந்தது. தாள் மெதுவாக வெளியே வந்தது. அதை நான் பார்க்கவில்லை, அப்படியே கொண்டுபோய் மேடம் கையில் கொடுத்தேன்.

மேடம் முந்தைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். ஒவ்வொரு கட்டமாக விரலால் தொட்டுத் தொட்டுப் போனார்.

"அப்படியே இருக்கிறது. நகரவில்லை" என்றார்.

ஸ்டோர் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. திரும்பி வந்தபோது மேடம் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டிருந்தார். நோயாளிக்கு நாங்கள் கொடுத்த விளக்கம் தவறாகப் போய்ச் சேர்ந்தது, பதினொரு நாள் மருந்து இல்லை, இன்ன தேதியில் தெரியவந்து சரிசெய்யப்பட்டது என்று ஆங்கிலத்தில் நேராக எழுதியிருந்தார். மறைக்கவும் இல்லை, என் பெயரைப் போடவும் இல்லை. 'நாங்கள்' என்று எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட்டார். நாளைக்கு யாராவது கேட்டால் அந்தக் கையெழுத்துக்காரரைத்தான் கேட்பார்கள். அந்தத் தாள் இன்றும் அந்த ஃபைலில் இருக்கும், போய்ப் பாருங்கள். பேக்கிமீட்டர் புத்தகத்தைவிட அது உங்களுக்குப் பயன்படும்.

மாரிமுத்து புறப்படும்போது நான் கேட்டேன், "வீட்டுக்குப் போய் என்ன செய்வீங்க?"

"ராத்திரி படுக்கிறப்ப வலது கண்ணுல ஒரு சொட்டு ஊத்துவேன். நீங்களே வந்து விடாதன்னு சொன்னாலும் ஊத்துவேன்" என்றார். பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே மிஸி? இனிமே என்கிட்ட நல்ல தமிழ் பேசாதீங்க" என்றார்.

அட்டெண்டர் அம்மா சிரித்த சிரிப்பு அடுத்த பிரிவுக்குக் கேட்டிருக்கும். நானும் சிரித்தேன். கல்யாண வீட்டில் சிரித்த சிரிப்பு அல்ல, இது நிஜச் சிரிப்பு. அன்றிலிருந்து 'ஊப்பர் பாருங்க' திரும்பி வந்துவிட்டது. நல்ல தமிழ் பேசக் கூடாது என்று உங்களுக்கு நான் சொல்லவில்லை. எதிரில் இருக்கிறவரின் வீட்டில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவர் வாயால் கேட்காமல் அனுப்பாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். வரிசையில் நாற்பது பேர் நின்றாலும், ஜெட்டியில் கப்பல் சங்கு ஊதினாலும் கேளுங்கள். கப்பல் இன்னொன்று வரும்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின மாதம் ஹட் பேயில் கண் முகாம். எனக்கு அது கடைசி முகாம். காலையில் கப்பல் ஜெட்டியை நெருங்கும்போது மேடமும் நானும் மேல்தட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அலை கொஞ்சம் இருந்தது, கப்பல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மாலுமி முன்பக்கத்திலிருந்து கயிற்றை வீசினான். கீழே மாரிமுத்து நின்றிருந்தார். இரண்டு எட்டு பக்கவாட்டில் நகர்ந்து, வந்த கயிற்றை ஒரே பிடியில் பிடித்து இழுத்து, பெரிய வடத்தைத் தூணில் மாட்டினார். அவ்வளவையும் அந்த ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டுதான் செய்தார்.

பிறகுதான் நிமிர்ந்து கப்பலைப் பார்த்தார். அத்தனை பேருக்கு நடுவில் எங்களைக் கண்டுபிடித்துவிட்டார். இன்ஜின் சத்தத்தில் எது சொன்னாலும் கேட்காது. அவர் சொல்லவும் இல்லை. தலையைப் பின்னால் சாய்த்தார், இடது கையால் வலது கண்ணின் கீழ் இமையை இழுத்தார், வலது கையில் இல்லாத ஒரு பாட்டிலைப் பிடித்து, ஒரே ஒரு சொட்டை ஊற்றிக் காட்டினார்.

பக்கத்தில் மேடம் கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்து, சரி என்று அவருக்குக் கட்டைவிரலைக் காட்டினார்.